சோப்பு ஏன் நுரைப்பதில்லை? தண்ணீருக்குள் நடக்கும் இடப்போட்டி



மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டூர் பக்கத்துக் குழுக்களில் போர் தண்ணீரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே குறைகள் வரிசையாக வரும். "சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது." "பருப்பு வேக மாட்டேங்குது." "டீ போட்டா கறுத்துப் போவுது." எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்துச் சகோதரிகள் இன்னொன்றும் சேர்ப்பார்கள்: "ஆத்துல முன்ன மாதிரி இறாலும் இல்ல, நண்டும் இல்ல."

இதெல்லாம் வேறு வேறு பிரச்சினை போலத்தான் தெரியும். ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான விஷயம் ஒளிந்திருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகங்கள் இடம் பிடிக்கப் போட்டி போடுகின்றன. யார் இடம் பிடிக்கிறார், யார் எழுந்து நிற்கிறார் என்பதைப் பொறுத்துதான் தண்ணீரின் குணம் மாறுகிறது. மீனுக்கு வரும் கெடுதலும், நம் பிள்ளைகள் உடம்புக்கு வரும் கெடுதலும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததுதான். படிப்பு குறைவு என்று தயங்க வேண்டாம். அடுப்படியில் இருந்தே ஆரம்பிப்போம்.

சோப்புக்குள் உட்கார்ந்திருப்பது யார்?

சோப்புத் தயாரிக்கும் குழுக்களுக்கு இது தெரிந்த விஷயம். தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றிக் கலக்குகிறோம். எண்ணெயில் உள்ள அமிலத்தோடு சோடியம் என்ற உலோகம் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதுதான் சோப்பு. சோடியம் லேசாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் சோப்பு தண்ணீரில் கரைகிறது, நுரைக்கிறது.

உப்புத் தண்ணீரில், அதாவது கடினநீரில், கால்சியம் (சுண்ணாம்புச்சத்து), மெக்னீசியம் ஆகியவை நிறைய இருக்கும். அவற்றின் பிடி சோடியத்தைவிடக் கெட்டி. அவை வந்தவுடன் சோடியத்தை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. கால்சியம் உட்கார்ந்த சோப்பு கரையாது. வெள்ளைத் திப்பி திப்பியாகத் துணியிலும் பக்கெட்டிலும் ஒட்டும். தண்ணீரில் உள்ள கால்சியத்துக்கெல்லாம் இடம் கொடுத்து முடித்த பிறகுதான் மிச்சச் சோப்பு நுரைக்கும். அதனால்தான் ஒரு சோப்பு தீர வேண்டிய வேலைக்கு இரண்டு சோப்பு தீர்கிறது.

பருப்பிலும் இதே கதைதான். பருப்பின் தோலிலும் சதையிலும் பெக்டின் என்ற ஒட்டும் பொருள் இருக்கிறது. அதில் கால்சியம் போய் உட்கார்ந்தால் இறுகிவிடும், பருப்பு வேகாது. சிட்டிகை சோடா உப்பு போட்டால் வெந்துவிடுகிறதே, ஏன்? சோடாவில் உள்ள சோடியம் கால்சியத்தின் இடத்தைக் கொஞ்சம் பிடுங்குகிறது. சோடா தண்ணீரைக் காரமாகவும் ஆக்குகிறது. அதனால் பெக்டின் இளகுகிறது. நம்ம பாட்டிமார் பெயர் தெரியாமலே இந்தப் போட்டியை நடத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

மீஞ்சூர் பக்கம் தண்ணீர் கடினமானதற்கும் ஒரு இடப்போட்டிதான் காரணம். சென்னைக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிக் கிணறுகளிலிருந்து அளவுக்கு மீறித் தண்ணீர் இறைக்கப்பட்டது. நல்ல தண்ணீர் இறங்க இறங்கக் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்தது. 1960களின் கடைசியிலேயே மீஞ்சூரில் இது கவனிக்கப்பட்டது. கடல்நீரில் உள்ள சோடியம் கூட்டமாக வந்து, களிமண்ணில் ஒட்டியிருந்த கால்சியத்தைத் தள்ளிவிட்டது. தள்ளப்பட்ட கால்சியம் கிணற்றுத் தண்ணீரில் கலந்தது. உப்பும் ஏறியது, கடினமும் ஏறியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சோப்பில் கால்சியம் சோடியத்தைத் தள்ளியது. மண்ணில் சோடியம் கால்சியத்தைத் தள்ளியது. பிடி கெட்டியாக இருந்தாலும் வெல்லலாம், கூட்டம் பெரிதாக இருந்தாலும் வெல்லலாம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் புரிந்துவிடும்.

டீ ஏன் கறுக்கிறது?

டீத்தூளில் துவர்ப்பு தருவது டானின் என்ற பொருள். கடுக்காய், மாதுளை ஓடு, வாழைப்பூ ஆகியவற்றின் துவர்ப்பும் இந்த வகைதான். டானினுக்கு இரும்பைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. பிடித்தவுடன் கறுப்பாகிவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுத்து மை செய்தது இப்படித்தான். அன்னபேதியில் இருப்பது இரும்பு. உங்கள் போர் தண்ணீரில் டீ கறுத்தால் அதில் இரும்பு இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பால் இல்லாத டீயை இரண்டு கண்ணாடித் தம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் அது மை மாதிரி கறுத்திருக்கும். அதில் பாதி எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். கறுப்பு வெளுக்கத் தொடங்கும். எலுமிச்சையின் புளிப்பு, இரும்பை டானினிடமிருந்து கழற்றிவிடுகிறது. (இதைக் குடிக்கக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.)

புளி போட்டுத் தேய்த்தால் பித்தளைக் குடம் பளபளப்பதும் இந்த வகைதான். புளியில் உள்ள அமிலம் மேலே படிந்த களிம்பைக் கரைத்து, அதிலுள்ள செம்பைத் தன்னோடு பிடித்துக்கொண்டு போய்விடுகிறது.

ஆற்றுத் தண்ணீரில் இருக்கைகள்

இப்போது ஆற்றங்கரைக்கு வருவோம். இலை, சருகு, புல், வேர், செத்த பூச்சி எல்லாம் மண்ணிலும் தண்ணீரிலும் கிடந்து மக்குகின்றன. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் சேறு மட்டும் இல்லை. மக்கிய இலைதழையின் சாறும் அதில் இருக்கிறது. இதை இயற்கைக் கரிமப் பொருள் என்கிறார்கள். இதில் முக்கியமானவை ஹியூமிக் அமிலம், ஃபுல்விக் அமிலம் என்ற இரண்டு வகை. ஆற்றுத் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் இருக்கும். ஆனால் செய்யும் வேலை பெரிது.

இந்தக் கரிமப் பொருளை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உலோகங்கள் உட்கார இருக்கைகள் இருக்கின்றன. ஒரு வகை இருக்கைக்குக் கார்பாக்சில் என்று பெயர். புளி, எலுமிச்சையில் உள்ள அமிலத்தில் இருப்பதும் இதுதான். இன்னொரு வகை ஃபீனால். டீயின் டானினில் இருப்பது இது. கொஞ்சம் கந்தகம், நைட்ரஜன் சேர்ந்த இருக்கைகளும் உண்டு. எண்ணிக்கையில் அவை குறைவு, ஆனால் பிடி ரொம்பக் கெட்டி.

தண்ணீரில் கரைந்த உலோகம் மின்னேற்றத்தோடு இருக்கும். அதற்கு அயனி என்று பெயர். அயனி தனியாகத் திரியலாம், இல்லாவிட்டால் பஸ்ஸில் ஏறி உட்காரலாம். இந்த வித்தியாசம்தான் முக்கியம். தனியாகத் திரியும் செம்பு அயனி மீனின் செவுளில் நேராகப் போய் ஒட்டும். மீனுக்கு உடம்பு உப்பின் சமநிலை கெடும், மூச்சு வாங்கும், செத்தும் போகும். அதே செம்பு கரிமப் பொருளில் உட்கார்ந்திருந்தால் செவுளில் ஒட்டுவது மிகவும் குறைந்துவிடும்.

அதாவது, "ஒரு லிட்டர் தண்ணீரில் இத்தனை செம்பு" என்று ரிப்போர்ட்டில் இருப்பது பாதிக் கதைதான். எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு தனியாகத் திரிகிறது என்பது மீதிக் கதை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2007-ல் நன்னீருக்கான செம்பு அளவை நிர்ணயித்தபோது, தண்ணீரின் கரிமப் பொருள், கடினம், புளிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடும் முறையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் விண்டர்மியர் ஏரிக்கரை ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்வர்ட் டிப்பிங் என்ற விஞ்ஞானி, எந்த உலோகம் எந்த இருக்கையைப் பிடிக்கும் என்று கணக்கிடும் கணினி முறையை உருவாக்கி 1994-ல் வெளியிட்டார்.

யாருக்குப் பிடி அதிகம்?

எல்லா உலோகத்துக்கும் ஒரே பலம் கிடையாது. சுமாராக இப்படிப் பிரிக்கலாம்:

மிகக் கெட்டிப் பிடி: பாதரசம், இரும்பு, அலுமினியம், செம்பு, காரீயம்.

நடுத்தரப் பிடி: நிக்கல், துத்தநாகம், காட்மியம்.

லேசான பிடி: கால்சியம், மெக்னீசியம். ஆனால் இவர்கள் பெருங்கூட்டம்.

பிடியே இல்லாத மாதிரி: சோடியம், பொட்டாசியம்.

(ஈயம் என்று நாம் சொல்வதில் இரண்டு உண்டு. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். விஷம் என்று இங்கே சொல்வது காரீயத்தை.)

இதில் இன்னொருவரும் சேர வேண்டும். அவர் உலோகம் இல்லை. புளிப்பைத் தருகிற ஹைட்ரஜன் அயனி. எலுமிச்சை பிழிந்தபோது இரும்பை எழுப்பிவிட்டது இவர்தான். தண்ணீரின் புளிப்பை பி.எச். என்ற எண்ணால் அளக்கிறார்கள். 7 நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பி.எச். 7-லிருந்து 5-க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி 100 மடங்கு ஆகிறது. அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்தால் உலோகங்களுக்கு இடம் ஏது?

நார்வே, ஸ்வீடன் நாடுகளில் அமில மழை பெய்து, 1960, 70களில் ஏராளமான ஏரிகளில் மீன் அழிந்தது. அமிலம் மண்ணில் இருந்த அலுமினியத்தைக் கழற்றி ஏரிக்கு அனுப்பியது. அந்த அலுமினியம் செவுளைக் கெடுத்தது. அதே நாடுகளில் இலைச்சாறு நிறைந்த பழுப்புநிற ஏரிகளில், அலுமினியம் ஓரளவு கரிமப் பொருளோடு ஒட்டிக்கொண்டதால் மீனுக்குக் கெடுதல் குறைவாக இருந்தது.

கூட்டம் ஏறினால் யார் எழுந்து நிற்பார்?

பஸ்ஸில் காட்மியமும் துத்தநாகமும் உட்கார்ந்து போகின்றன என்று வையுங்கள். அடுத்த நிறுத்தத்தில் செம்பு, இரும்பு ஏறினால் இவை எழுந்துகொடுக்க வேண்டியதுதான். எழுந்தவர் சும்மா இருக்க மாட்டார். தண்ணீரில் தனி அயனியாகத் திரிவார். அதாவது, ஒரு ஆலையிலிருந்து காட்மியம் ஒரு சொட்டுகூடப் புதிதாக வராவிட்டாலும், வேறொரு ஆலையின் இரும்போ அமிலமோ வந்து கலந்தால், ஏற்கெனவே அடங்கிக் கிடந்த காட்மியம் வெளியே வந்துவிடலாம்.

கால்சியத்தின் கதை கொஞ்சம் வேறு. நன்னீரில் ஒரு லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் கால்சியம் இருக்கும். செம்பு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். பிடி லேசாக இருந்தாலும் கூட்ட பலத்தில் கால்சியம் பல இருக்கைகளைப் பிடித்துவிடும். இதில் காட்மியம், துத்தநாகம் அதிகம் இடம் இழக்கும். செம்பு கெட்டியான இருக்கையாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் கால்சியத்தால் ஒரு நன்மையும் உண்டு. மீனின் செவுளிலும் இருக்கைகள் இருக்கின்றன. அங்கேயும் கால்சியம் முந்திப்போய் உட்கார்ந்து, விஷ உலோகத்துக்கு இடம் கொடுக்காமல் காக்கிறது. அதனால்தான் ஒரே அளவு செம்பு, மெல்லிய தண்ணீரில் மீனைக் கொல்லும், கடினநீரில் கொல்லாமல் விடும்.

நம்ம கொசஸ்தலை ஆற்றில்

கொசஸ்தலை ஆறு ராணிப்பேட்டை மாவட்டத்தின் காவேரிப்பாக்கம் பக்கத்தில் தொடங்கி, பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. வல்லூர் அணைக்கட்டு வரை நன்னீர். அதற்குக் கீழே கடல் அலை ஏறி இறங்கும் உவர்நீர்.

இந்த ஆற்றுக்குப் பல பக்கமிருந்து சுமை வருகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களிலிருந்து இயங்குகிறது. நிலக்கரியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சேப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து சாம்பல் ஆற்றில் பல வருஷமாகக் கொட்டியது. மார்பளவு ஆழம் இருந்த இடம் முழங்கால் அளவாகத் தூர்ந்துபோனது என்று மீனவர்கள் முறையிட்டார்கள். 2016-ல் வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2022-ல் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலை அகற்றி ஆற்றைச் சீரமைக்க உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படகு, வலை, கண்டல் செடி எல்லாவற்றிலும் படிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

நிலக்கரிச் சாம்பலில் காரீயம், குரோமியம், நிக்கல், காட்மியம், பாதரசம், ஆர்சனிக் எல்லாம் சிறிய அளவில் இருக்கும். சிறிய அளவு என்றாலும் கொட்டுவது டன் கணக்கில்.

இப்போது நம் பஸ் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலேயிருந்து நன்னீர் வருகிறது. இலைச்சாறு நிறைய இருக்கிறது. உலோகங்களுக்கு இருக்கை கிடைக்கிறது. முகத்துவாரத்தில் அந்தத் தண்ணீர் கடல்நீரைச் சந்திக்கிறது. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் உண்டு. அத்தனை பெரிய கூட்டம் ஏறியதும் மூன்று விஷயம் நடக்கிறது.

ஒன்று, கரிமப் பொருளில் ஒரு பகுதி இரும்போடு சேர்ந்து, பால் திரிவது மாதிரி திரிந்து, சேற்றில் படிகிறது. அதோடு உட்கார்ந்திருந்த உலோகங்களும் அடியில் போய்ச் சேர்கின்றன.

இரண்டு, காட்மியம் இடத்தை இழக்கிறது. கடல் உப்பில் உள்ள குளோரைடு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சேற்றில் ஒட்டியிருந்த காட்மியமும் இப்படித் தண்ணீருக்கு வருகிறது.

மூன்று, காற்றுப் படாத கறுப்புச் சேற்றில் கந்தகம் மிச்ச உலோகங்களைக் கெட்டியாகப் பிடித்து வைக்கிறது. அழுகின முட்டை வாசனை வருகிறதே, அந்தச் சேறுதான். அது ஒரு பூட்டின பெட்டி மாதிரி. தோண்டிக் கலக்கினால் காற்றுப் பட்டு அந்தப் பூட்டு திறந்துவிடும். அதனால்தான் சாம்பலை அள்ளும்போதும் எங்கே, எப்படி, எந்தப் பருவத்தில் அள்ளுவது என்பதைப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

கண்டல் செடியை வெறும் புதர் என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். கண்டலின் இலை உதிர்ந்து மக்கித்தான் அந்த இருக்கைகள் உண்டாகின்றன. அதன் வேர்தான் சேற்றைக் கலையாமல் பிடித்து வைக்கிறது. கண்டலை வெட்டினால் இறால் குஞ்சு வளரும் இடமும் போகும், விஷத்தை அடக்கி வைக்கும் ஏற்பாடும் போகும்.

உடம்புக்குள்ளும் அதே போட்டி

தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் ஏறவில்லை என்கிறீர்களா? எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள்.

சாப்பிட்டவுடன் டீ குடித்தால், தம்ளரில் நடந்தது வயிற்றிலும் நடக்கும். டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், இரத்தத்தில் சேராது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் கொடுக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. கால்சியம் இரும்பைத் தடுக்கும். குறைந்தது 2 மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

இன்னும் முக்கியமான ஒன்று. குடலில் இரும்பு உள்ளே போகும் வாசல் வழியாகவே காரீயமும் நுழைகிறது. பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைவாக இருந்தால் வாசலில் போட்டி இருக்காது, காரீயம் அதிகமாக உள்ளே போகும். காரீயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், படிப்பு ஏறாது. ஆலைப் பகுதியில் வளரும் பிள்ளைக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, கடலை கொடுப்பது பசிக்கு மட்டும் இல்லை, காவலுக்கும்தான்.

தண்ணீரைச் சுத்தம் செய்வது எப்படி?

புழல் போன்ற பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் படிகார வகை மருந்து கலக்குகிறார்கள். அதில் உள்ள அலுமினியம் கலங்கலையும் கரிமப் பொருளையும் கெட்டியாகப் பிடித்துத் திரளாக்கி அடியில் இறக்கிவிடும். பிறகு வடிகட்டிக் குளோரின் சேர்ப்பார்கள். இந்த வரிசை முக்கியம். கரிமப் பொருள் இருக்கும்போதே குளோரினைப் போட்டால், கிருமியைக் கொல்வதற்கு முன்பே அதில் பெரும்பகுதி வீணாகிவிடும். ஊரில் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போடுபவர்களும், கலங்கிய தண்ணீரைத் தெளியவிட்ட பிறகே போட வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது:

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற உலோகத்தின் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

துணியில் வடிகட்டினால் தூசும், துரு நிறமாகத் திரண்ட இரும்பும் ஓரளவு போகும். கரைந்த காரீயம், காட்மியம் போகாது.

படிகாரம், தேற்றான் கொட்டை தண்ணீரைத் தெளியவைக்கும். தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் என்று அர்த்தம் இல்லை.

பக்கத்துக் குழு அக்கா ஒருவர் கேட்கலாம்: "அப்போ டிகாஷன் நிறத் தண்ணீர்தான் நல்லதா?" இல்லைங்க. கரிமப் பொருள் ஆற்றில் மீனுக்குக் காவல். நம் குடிதண்ணீரில் அது இருக்கத் தேவையில்லை. நம் வயிற்றில் புளிப்பு அதிகம். அங்கே போனதும் ஹைட்ரஜன் அயனி எல்லோரையும் எழுப்பிவிடும். ஒட்டியிருந்த உலோகம் கழன்றுவிடும். ஆகவே குடிதண்ணீரில் மொத்த அளவே குறைவாக இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) சொல்லும் அளவு, ஒரு லிட்டருக்கு: காரீயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003, பாதரசம் 0.001, மொத்தக் குரோமியம் 0.05, இரும்பு 1. பி.எச். 6.5 முதல் 8.5 வரை.

மீன், நண்டு பற்றி ஒரு வார்த்தை. நம் சகோதரிகள் விற்கிற சரக்கை யாரும் வாங்கக் கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. காட்மியம் போன்றவை சதையைவிட ஈரல், சிறுநீரகம் முதலியவற்றில்தான் அதிகம் சேரும். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியும் அப்படியே. கழிமுக மீனைச் சமைக்கும்போது குடல், ஈரல், செவுளை நீக்கிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நண்டின் மஞ்சள் பகுதியைக் கொடுக்காதீர்கள்.

நாம் என்ன செய்யலாம்?

1. பரிசோதனை. ஜல் ஜீவன் திட்டத்தில் (2019-ல் தொடங்கியது) ஊருக்கு 5 பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று உள்ளது. உங்கள் ஊரில் அந்த 5 பேர் யார் என்று ஊராட்சியில் கேளுங்கள். அந்தப் பெட்டியில் பி.எச்., கடினம், குளோரைடு, இரும்பு போன்றவை தெரியும். காரீயம், காட்மியம் தெரியாது. அவற்றுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தை அணுகி, எந்தெந்த உலோகம் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

2. இரண்டு பருவம். ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை எடுங்கள். போட்டி மாறுவதால் அளவும் மாறும். ஒரு தடவை நல்ல ரிப்போர்ட் வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

3. பழைய பேட்டரி. காயலான் கடைக்குப் போடும்போது வீட்டில் உடைக்கவோ, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கால்வாயில் ஊற்றவோ கூடாது. அது அமிலம். காரீயத்தையும் கொண்டுவரும், ஏற்கெனவே சேற்றில் அடங்கியிருப்பதையும் எழுப்பிவிடும்.

4. கிராம சபை. தமிழ்நாட்டில் 2022 முதல் வருஷத்துக்கு 6 கிராம சபை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் அதில் ஒன்று. தண்ணீர் ரிப்போர்ட்டைச் சபையில் படிக்கச் சொல்லுங்கள். ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கும்போது உலோக அளவோடு கரிமப் பொருள், கடினம், பி.எச். மூன்றையும் சேர்த்துக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். அவை இல்லாமல் "அளவுக்குள்தான் இருக்கிறது" என்று சொல்வது பாதிக் கதை என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

5. கண்டல். உங்கள் பகுதியில் கண்டல் இருக்கும் இடத்தைக் குழுவாகப் போய்ப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். வெட்டினால், மண் கொட்டினால் தேதியோடு குறியுங்கள். பிறகு மனு கொடுக்கும்போது அந்தப் பதிவேடுதான் பேசும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

உங்கள் ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதா? டீ கறுக்கிறதா? எத்தனை வீட்டில்?

குழுவில் யார் யார் சாப்பிட்டவுடன் டீ குடிக்கிறார்கள்? மாத்திரையை எப்போது விழுங்குகிறார்கள்?

கடைசியாக ஊர்த் தண்ணீரைச் சோதித்தது எந்த மாதம்? ரிப்போர்ட் யாரிடம் இருக்கிறது?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒரு நகலைக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். பத்து ஊர்ப் பதில் சேர்ந்தால், மாவட்ட அதிகாரியிடம் தண்ணீர்ப் பரிசோதனை கேட்டு ஒரே மனுவாகக் கொடுக்கலாம்.